பலகை இல்லாத நிறுத்தம்

யுத்த காலத்தில் சர்க்கார் எனக்குக் கொடுத்திருந்த வேலை, பஸ்கள் எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று யோசனை சொல்வது. உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. யோசனை மட்டும்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை, மூடினால் புழுக்கம். அதனால் பெரும்பாலும் பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

திருச்செந்தூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகளுக்குத் திரை போட்டிருந்தது. காயல்பட்டினத்துப் பெண்களுக்காக பஸ் முதலாளி செய்திருந்த ஏற்பாடு அது. நான் போன நாளெல்லாம் திரைக்குப் பின்னால் ஆத்தூர் வெற்றிலைக் கட்டுகள்தான் சொகுசாகப் பயணம் செய்தன. பெண் ஒருத்தியும் ஏறவில்லை. திரையை எடுத்துவிடலாம் என்று யோசனை எழுத இருந்தேன்.

அதற்குள் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருந்து வாங்கத் தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாராம். அவருடைய மகளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. வாரம் தவறாமல் நேரில் காட்டினால் அதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாட்டு வண்டியின் குலுக்கல் கூடவே கூடாதாம்.

“பஸ்ஸுலதான் திரை இருக்கே பாய், கூட்டி வரலாமே?” என்றேன்.

“பஸ்ஸுக்குள்ள திரை இருக்கு ஐயா. பஸ்ஸு நிக்கிறது கடைத்தெருவுல இல்லியா? எங்க பொம்பளையாளுவ கடைத்தெருவுல நடக்க மாட்டாஹ.”

அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வரவென்றே சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. ஒரு முடுக்கு பஸ் போகும் சாலையிலேயே வந்து முடிந்தது. அங்கே நிறுத்தினால் போதும் என்றார் அவர். இத்தனை சின்ன விஷயமா என்று எனக்கு உற்சாகமாகிவிட்டது. அன்றைக்கே எழுதி அனுப்பினேன். ஆச்சரியம், மேலிடம் உடனே ஒப்புக்கொண்டது. முடுக்கின் வாயில் குழி தோண்டி, ‘பஸ் நிற்குமிடம்’ என்று எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

சர்க்கார் பலகை நட்ட இடத்தில் ஆண்பிள்ளைகள் கூடாமல் இருப்பார்களா? பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்தார்கள். அவர்களிடம் பேசிக்கொண்டிருக்க நாலு பேர் வந்தார்கள். பீடிக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முடுக்குக்குள் வெள்ளைத் துப்பட்டிகள் முனை வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போயின. பெரியவர் மறுபடியும் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

“நிறுத்தந்தான் ஐயா கேட்டோம். நீங்க கடைத்தெருவையே கொண்டாந்து எங்க வாசல்ல வச்சிட்டிய” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். மகளுக்கு இப்போது வாசலில் நிற்பவர் யாரென்று குரலைக் கேட்டால்தான் தெரிகிறதாம்.

பலகையை எடுத்துவிட்டு நிறுத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். பலகையில்லாத நிறுத்தத்துக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல். பஸ் முதலாளியிடம் போனேன். அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். ஆனால் கையை விரித்தார்.

“போர்டு இல்லாத எடத்துல வண்டிய நிப்பாட்டுனா போலீஸ்காரன் கேஸ் எழுதுதான் ஐயா. வழியில கரி குத்தணும்னா மட்டுந்தான் கேக்க மாட்டான்.”

சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். கரியடுப்பு அணைந்து போகாமலிருக்க வழியில் எங்காவது நிறுத்திக் கம்பியால் குத்திவிட வேண்டும். எங்கே குத்துவது என்பது டிரைவர் இஷ்டம். அதற்குப் பலகையும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம்.

பலகையைப் பழையபடி கடைத்தெருவுக்கே மாற்றிவிடலாம் என்று எழுதினேன். மேலிடம் அதற்கு ஒப்புக்கொண்டது. கூட்டமும் பீடிக் கடையும் அதன் பின்னாலேயே போயின. அடுத்த வாரத்திலிருந்து முடுக்கின் வாயில் பஸ்ஸுக்குக் கரி குத்த வேண்டியதாயிற்று. கண்டக்டர் பின்னால் போய்க் குத்துவார். குத்தினால் கிளம்பும் புகைக்கும் சாம்பலுக்கும் பயந்து ஒரு ஆணும் அந்தப் பக்கம் அண்டமாட்டான். முன்பக்கமாகப் பெண்கள் ஏறித் திரைக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். வெற்றிலைக் கட்டுகள் கூரைக்குப் போயின. மேலிடத்துக்கு நான் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், திருச்செந்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். காயல்பட்டினத்தில் பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்.

“பலகையப் புடுங்குனவனுவ குழிய மூடாமப் போயிட்டானுவ, ஐயா. மழைத்தண்ணி கெட்டிக் கெடக்கு.”

“மூடச் சொல்றேன் பாய்.”

“அதுக்குச் சொல்லல. போன வாரம் முடுக்கு முனையில நின்னு அவளக் கையப் புடிச்சி பஸ்ஸுக்குக் கூட்டியாந்தேன். குழி இருக்கிறத நான் மறந்துட்டேன். அவதான் என்னையப் புடிச்சி இழுத்து, ‘வாப்பா, பாத்து வாங்க’ன்னா.”