ஜைனபின் வாகை மரம்

கலகலவென்று ஒரு சத்தம். இலையே இல்லாத வாகை மரத்தில், காய்ந்த நெற்றுகள் தை மாதக் காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும் சத்தம். வருடங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. விடியற்காலை அரைத் தூக்கத்தில் இன்னும் அது கேட்கிறது. தாவரவியல் கற்பிப்பது என்றால், பாதி வேலை இருபது பெண்களை மழையில் நனையாமல் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதுதான். மாணவிகளை வெளியே கூட்டிப்போய்த் தலையெண்ணிய ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரிக்குத் தாமிரபரணிக் கரையில் ஒரு தாவரவியல் தோட்டம் இருந்தது. இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு ஒரு மரம். ஐப்பசியிலிருந்து மாசிவரை மாதம் ஒருமுறை போய், தன் மரத்தில் இலையும் காயும் எப்படி மாறுகின்றன என்று அவளே பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நோட்டில் என் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

சீட்டுக் குலுக்கல்

ஐப்பசி. ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. குடைக்கடியில் சீட்டுக் குலுக்கினோம். நாங்குநேரி கோமதிக்கு மகிழமரம், துள்ளினாள். காயல்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஜைனபுக்கு வாகை.

"பொங்கல் சமயம் இது மொட்டையா நிக்குமாமே, டீச்சர்! நான் எதைப் பார்த்து எழுத?" என்றாள். தோட்டக்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டியபடி நின்றிருந்தார். "மொட்டையா நிக்கதையும் ஒரு ஆளு பாக்கணும்லா, தாயி" என்றார்.

உறக்கம்

கார்த்திகையில் வாகை மஞ்சளாகத் தொடங்கியது. காற்று வீசாமலே சிற்றிலைகள் இறங்கிவந்து எங்கள் தலையிலும் திறந்திருந்த நோட்டுகளிலும் உட்கார்ந்தன. நானும் பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலை உதிர்கிறது என்று அண்ணாச்சி சொல்லவே மாட்டார். "மரத்துக்கு உறக்கம் வருது. பைய பேசுங்க" என்பார்.

அந்த மாதம் ஜைனபின் நோட்டில், 'உறக்கம் தொடங்கியது' என்று இருந்தது. சிவப்பு மையால் அடித்து, 'இது அறிவியல் சொல் அல்ல' என்று எழுதினேன். மறுநாள் பாடப்புத்தகத்தோடு வந்தாள்.

"இதுல 'உறக்கநிலை'ன்னுதானே போட்டிருக்கு, டீச்சர்? அண்ணாச்சி 'நிலை'யை மட்டும்தானே விட்டுட்டாங்க!"

என் அவசரம்

மார்கழிக்குள் கோமதியின் மகிழமரம் மழையில் வேரோடு சாய்ந்துவிட்டது. தோட்டத்தில் வேறு மரம் மிச்சமில்லை; மரமில்லாத மாணவியாக அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அன்றைக்கே ஜைனப் என்னிடம் வந்து, தை பிறந்ததும் தனக்கு நிக்காஹ் என்றாள்; வாப்பாவுக்குத் துபாயில் அப்போதுதான் லீவு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்யாணப் பத்திரிகையை நீட்டிவிட்டுப் போன எத்தனை பெண்களின் பாதி நோட்டுகள் என் அலமாரியில் கிடந்தன!

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகுந்த வீடு போகிறவள் எங்கே திரும்பப்போகிறாள் என்று நானே முடிவுகட்டி, பட்டியலில் அவள் பெயரை அடித்து, வாகையைக் கோமதிக்கு எழுதினேன். கோமதி சந்தோஷப்படவில்லை.

"அவ வந்துட்டான்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மரத்தடியில நிக்க, டீச்சர்?"

மருதாணிக் கை

தை கடைசியில் போனோம். ஆற்றின்மேல் பனி இன்னும் கலையவில்லை. வாகை முழுக்க உதிர்ந்து, வெளிறிய நெற்றுகளோடு நின்றது. அப்போது கேட்டதுதான் நான் முதலில் சொன்ன சத்தம். மரத்தடியில் மருதாணிக் கையில் நோட்டோடு ஜைனப் அண்ணாந்து நின்றாள்.

"மாமியார் வீட்டுல உன்னை விட்டாங்களாம்மா?" என்றேன்.

"எங்க ஊர்ல பொண்ணு எங்கயும் போறதில்ல, டீச்சர். மாப்பிள்ளைதான் எங்க வீட்டுக்கு வருவாங்க. அன்னா, வாசல்ல டிபன் பாக்ஸோட நிக்காங்க பாருங்க, புதுசா புகுந்த வீட்டுக்கு வந்தவங்க!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. நான் மென்று விழுங்கி நடந்ததைச் சொன்னேன். ஜைனபின் முகம் வாடியது. "நீங்க கேட்டிருக்கலாம்லா, டீச்சர்? படிப்ப முடிக்க விடணும்னு பேசித்தானே நான் சம்மதமே சொன்னேன்" என்றாள். கோமதி தன் நோட்டை மூடி, "அவளுக்கே குடுத்துருங்க, டீச்சர்" என்றாள். கொடுத்தால் கோமதிக்குத் தேர்வு போகும், கொடுக்காவிட்டால் ஜைனபுக்கு. ஒருத்திக்கு ஒரு மரம் என்ற விதியை எழுதியதோ நான். மேலே நெற்றுகளைப் பார்த்தேன். சருகு கூட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"ரெண்டு பிள்ளைய பாத்தா மரம் என்ன தேஞ்சா போயிரும், டீச்சர்?"

மாசியில் இரண்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன், இருவரும் தேறினார்கள். ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்று நான் பெயரை அடித்த ஜைனப் இன்றும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். ஊரைவிட்டு வந்து, சென்னையில் மகன் வீட்டு நாலாவது மாடியில் இருப்பது நான்தான்.