பல் டாக்டரின் லென்ஸ்

போன மாதம் சித்தூரில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொன்ன அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு தட்டு தட்டினார். மறு நொடி என் பல் எனக்கே தெரிந்தது. "பாருங்க அங்கிள், எவ்ளோ போயிருக்குன்னு" என்றார். நான் பல்லைச் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் திறந்திருந்த குப்பியிலிருந்து லவங்க எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும்.

அப்போது நான் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, டாக்டர் பிடுங்கிய பல்லைத் தட்டில் வாங்குவது. இதோடு போட்டோ எடுப்பதும் சேர்ந்துகொண்டது. டாக்டருக்குக் கட்டுப்பல் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் வேண்டும். வெளிநாட்டில் இருந்த மைத்துனர் மூலம் ஒரு பிலிம் கேமராவும் பல்லைக் கிட்டத்தில் படமெடுப்பதற்கென்றே ஒரு மேக்ரோ லென்ஸும் வரவழைத்திருந்தார். கேமராவோடு வரும் சாதாரண லென்ஸ் வரவேயில்லை. அது எதற்கு என்று விட்டுவிட்டாராம். கேமராவைப் பிடித்தால் அவருக்குக் கை நடுங்கும். அதனால் கேமரா என் கைக்கு வந்தது. "ஊபிரி பிகபட்டு, அப்புடு நொக்கு" என்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் கடுகளவு சொத்தைகூடப் படத்தில் தெளிவாக விழும்.

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பற்களுக்கு இருபத்தெட்டு, முப்பது ஆகும். மீதியை என்ன செய்வது? ரோல் திங்கட்கிழமைதான் படம் கழுவும் லேபுக்குப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் கேமராவை ஊருக்கு எடுத்துப் போகட்டுமா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். "தீஸ்கெள்ளு", எடுத்துப் போ என்று சொல்லிவிட்டார் டாக்டர். பல்லைப் படமெடுக்கும் லென்ஸில் வேறென்ன வரப்போகிறது என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றபோது சும்மா கேமராவைக் கண்ணில் வைத்து லென்ஸின் வளையத்தைத் திருகினேன். எதிர்ப் பக்கம் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆள், அவர் தோளில் துண்டு, பின்னால் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன. சாதாரண லென்ஸ் செய்கிற வேலை முழுக்க அதுவும் செய்யும், கூடவே எறும்புக் கால் வரைக்கும் கிட்டேயும் போகும். புதையல் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

குறையும் உண்டு. வெளிச்சம் கம்மியாகத்தான் வாங்கும், ஆஸ்பத்திரி விளக்கு இல்லாத வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது. அந்த வளையத்தைத் திருகித் திருகிக் கை ஓய்ந்துவிடும். புத்தூர் தாண்டி எங்கள் ஊர். என் கூடப் பிறந்த வசந்தா அக்கா மாங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், நான் எதிரில் குத்த வைத்துத் திருகிக்கொண்டே இருப்பேன்.

"இன்னாடா, மாங்கா ஊறுகாயே ஆயிடும் போலகீது. இன்னும் திருகிக்கினே கீற?"

அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். சிரித்தால் கண் சுருங்கிக் காணாமல் போய்விடும். அவள் கை, அவள் ஜிமிக்கி, உள்ளங்கையில் வைத்திருந்த வேர்க்கடலை, வாசலில் எங்கள் அப்பா, நைனாவோடு சண்டை போடுவது என்று என் மிச்சப் படங்களில் பாதி அவள்தான். திருப்பதி லேபுக்காரர் கவரை நீட்டும்போது, "பல்லு, பல்லு, பல்லு, அப்பாலிக்கா உங்கக்கா" என்பார். அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒருமுறை அவள் ஜிமிக்கிப் படம் யாரோ ஒரு கிழவரின் ஈறுப் படத்தோடு மாறி டாக்டர் பைலுக்குள் போய்விட்டது. அக்கா ஒரு வாரம் சிரித்தாள்.

சூளூர்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ரயில்வேயில் இருந்தான். முதலில் போட்டோ அனுப்புங்கள் என்றார்கள். புத்தூர் ஸ்டூடியோவுக்குப் போகச் சொன்னார் நைனா. நான் விடவில்லை. ஸ்டூடியோக்காரன் பொம்மை மாதிரி ஆக்கிவிடுவான், நானே எடுக்கிறேன் என்று நின்றேன். அப்போதெல்லாம் என் படத்தின் துல்லியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு வடக்கே நிழலில் ஸ்டூல் போட்டேன். அக்கா நீலப் புடவை கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பவுடர் வேணாம்க்கா. இந்த லென்ஸுல மாவு அப்புன மாதிரி தெரியும்."

அவள் அப்படியே நின்றாள். "கழுவணுமாடா?" என்றாள்.

"கழுவிக்கினு வா."

இன்னும் ஒரு நிமிடம் நின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு தொட்டியடிக்குப் போய் முகம் கழுவி, முந்தானையில் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவள் கண்ணுக்குத் திருகினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். வேறெதையும் பார்க்கவில்லை.

லேபுக்காரர் நான் கேட்காமலே பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். இமை முடியை எண்ணலாம், அப்படி வந்திருந்தது. ஓடிப் போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். படம் பிரமாதம் என்று தெலுங்கில் சொன்னார். அப்புறம், உதட்டோரத்தைச் சுண்டுவிரலால் காட்டி, அக்காவை ஒருமுறை தோல் டாக்டரிடம் காட்டு என்றார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். ரூமுக்கு வந்து பார்த்தபோது அவர் காட்டிய இடத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெளுப்பு இருந்தது. வெளிச்சம் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சூளூர்பேட்டைக்குத் தபாலில் சேர்த்தேன்.

பத்து நாளில் படம் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் சம்பந்தம் பேசிய மாமா. வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம். பையனின் அம்மா மட்டும் படத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாளாம்.

"'உதட்டாண்ட இன்னா வெள்ளையா கீது'ன்னு கேட்டுச்சி. நான் இன்னா சொல்றது?" என்று மாமா தரையைப் பார்த்தார்.

நைனா அக்காவைக் கூப்பிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா. ஆறு மாசமா கீது."

"அப்ப பவுடர் கிவுடர் போட்டுக்கினு உக்காந்திருக்கக் கூடாதா? அறிவு கீதா உனக்கு?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் நைனா" என்றாள். நான்தான் கழுவச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, நைனா உயிரோடு இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இல்லை.

வேலூருக்கு அழைத்துப் போனோம். மருந்து சாப்பிட்டாள், களிம்பு தடவினாள், வெயிலில் உட்கார்ந்தாள். அது உதட்டிலிருந்து கன்னத்துக்கும் கைகளுக்கும் பரவியது. யாருக்கும் தொற்றாது, அவளுக்கு ஒரு நோவும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னதை நாங்கள் பெண் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தோம். தலையாட்டுவார்கள், காபியை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு யாரும் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சித்தூரில் குடித்தனம் போனபோது அக்காவும் எங்களோடு வந்தாள். மாங்கூழ் ஆலையில் சேர்ந்தாள். பழம் அறுக்கும் பெண்கள் முதல் சீசனில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த சீசனில் அவள் குழம்பைக் கேட்டு வாங்கித் தின்றார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். கண் அப்போதும் காணாமல் போனது.

திருப்பதி டாக்டர் மகனோடு இருக்கப் போனபோது கேமராவை எனக்கே கொடுத்துவிட்டார். என் பிள்ளைகள் பிறந்ததும் தவழ்ந்ததும் அந்த ஒரே லென்ஸில்தான். எந்தப் படத்திலும் அக்கா இல்லை. கேமராவைக் கையில் எடுத்ததுமே, "நான் கொயந்தைய இந்தாண்ட புடிச்சிக்கிறேன், நீ எடு" என்று ஓரமாகப் போய்விடுவாள். குழந்தையின் இடுப்பைச் சுற்றி ஒரு கை தெரியும், அவ்வளவுதான். ஒருக்கா வா அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன்க்கா மூஞ்சி கழுவுன? உனக்குத்தான் தெரியுமே."

அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிரவில்லை.

"நீ சொன்னியே. நீ சொன்னா நல்லா வரும்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காய் வாங்கி வந்த கணக்கைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

கொரோனா சமயத்தில் போய்விட்டாள். ஐந்து நாள் காய்ச்சல். கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

டாக்டரின் மாடி இப்போது லாட்ஜ். லேப் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பிலிம் ரோலைக் கண்ணால் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அவையெல்லாம் போவது இயல்புதான், அதற்கு நான் அழவில்லை. இருபத்து நான்கு வயதுக்குப் பிறகு எங்கள் அக்காவின் முகம் ஒரு காகிதத்திலும் இல்லை. போன வாரம் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வெள்ளை இடது கன்னத்தில்தான் அதிகம் என்றேன். இல்லை, வலது என்றாள் என் மனைவி. கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தோம். இரண்டு பேருக்குமே நிச்சயமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளும் இல்லை.