கடைசி வீட்டு வாளி

என் சித்தப்பாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது தண்ணீர்தான். புங்குடுதீவில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். சனசமூக நிலையத்துச் செயலாளராக இருந்தபோது அவர் உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கியைப் பூட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக நல்ல தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெயரில் பிரதேச சபைக்குப் போனார், பிறகு பெரிய தேர்தலில் நின்றார். மேடையில் ஏறினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சனம் வாக்குப் போட்டது அவருக்கா தாங்கிக்கா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் யாரும் இல்லை. கூரை பாதி விழுந்து, முற்றத்தில் பனை வடலி முளைத்திருந்தது. ஆனால் வாசல் படலையடியில் ஒரு நீல வாளி இருக்கும். சித்தப்பா அதையும் நிரப்புவார். அடுத்த முறை போனால் காய்ந்திருக்கும்.

"மாடு குடிச்சிருக்கும்" என்பார் அப்பா. கட்டாக்காலி மாடுகளுக்கு ஊரில் குறைவில்லைதான். ஆனால் மாடு குடித்தால் வாளி உருண்டு கிடக்கும். இது நேராக நிமிர்ந்து இருக்கும்.

சித்தப்பா வென்று கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, ஒன்பது வயதுக்காரியான என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த வாளியை மட்டும் காய விட்டிடாதை."

"ஓம் சித்தப்பா."

இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் பட்டப்பகலில், நான் ஊற்ற ஊற்ற, வீட்டுக்குள்ளே யாரோ மடக்கு மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிறுதோறும் சித்தப்பா தொலைபேசி எடுப்பார். எல்லோரும் கொழும்புப் புதினம் கேட்பார்கள். என்னிடம் அவர் கேட்பது ஒன்றுதான்.

"வாளி நிறைஞ்சிருக்கோ?"

"ஓம்."

வாளியோ இடம் மாறத் தொடங்கியது. ஒரு நாள் ஒழுங்கை வளைவில் நின்றது. பிறகு மின்கம்பத்தடியில். பள்ளிக்கூடம் போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

மாதம் ஒன்று கழித்து அவர் ஊருக்கு வந்தார். மேளம், மாலை, வெடி. வாகனம் எங்கள் வீட்டருகே சட்டென்று நின்றது. எங்கள் படலைக்கு நேரே, வழியை மறித்துக்கொண்டு, வறண்ட வாளி.

"மாடு தள்ளியிருக்கும்" என்று நான் அழத் தொடங்கினேன். அவர் ஏசவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். மாலையோடு இறங்கி, வாளியை நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் கடைசி வீடு வரை தூக்கிப் போனார். எளிமையான மனிதர் என்று பெடியள் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். அவர் படலையடியில் குனிந்து சொன்னது, பின்னால் போன எனக்கு மட்டுந்தான் கேட்டது.

"பிந்திப்போச்சு அக்கா. குடியுங்கோ."

வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். சண்டைக்குப் பயந்து ஊரே படகேறி ஓடிய நாளில் அந்த வீட்டில் நடக்க ஏலாத ஒரு அக்கா தனியே கிடந்தாராம். வழியால் ஓடிய சிறுவனிடம், "ராசா, ஒரு செம்பு தண்ணி கொண்டு வாவன்" என்றாராம். அவனும் படலையில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓடினானாம். யாரோ அவனைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டார்கள். ஊர் திரும்பப் பல வருடங்கள் ஆயின.

அன்று சித்தப்பா சொன்ன பதிலும் "ஓம்" தான். ஞாயிறுதோறும் அதையேதான் நானும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.