மழைப் பெய்தது

இது கற்பனை என்று எவரேனும் சொன்னால், அந்தப் பதிவேட்டை அவர் கையிலேயே கொடுப்பேன். முப்பத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் நான். ஓர் எழுத்தைக்கூட மிகையாகச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தீவு மூன்று கிலோமீட்டர் நீளம். மேகத்தைத் தடுக்க ஒரு மேடுகூட இல்லை. மேகம் எங்கள் தலைக்கு மேலாகவே அக்கரைக்குப் போய்விடும். தப்பித் தவறிப் பெய்வதையும் மணல் குடித்துவிடும். எங்கே தோண்டினாலும் உப்பு. எட்டு மாதங்களாக ஒரு துளியும் விழாததால், தண்ணீர்ப் படகு கேட்டு மனு எழுதினேன். ‘உங்கள் தீவில் போதிய மழை பதிவாகியுள்ளது’ என்று பதில் வந்தது. உடன் எங்கள் தீவின் மழைப் பதிவேட்டின் நகல். பதினோர் இடங்களில், ‘மழைப் பெய்தது’.

எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது. இருபது ஆண்டுகளாக நான் திருத்தியும் அந்தப் ‘ப்’பை விடாதவர் ஒருவரே: மழைமானியைக் கவனிப்பவர், என் தங்கையின் கணவர்.

“என்ன மாப்ளே இது? குடிக்கிற தண்ணிக்கு நாயா அலையுறோம். நீங்க பேனாவாலயே மழை பெய்ய வச்சிருக்கீங்க!”

“மழையே இல்லைன்னு எழுதினா நிலையத்தை மூடிடுவாங்க மச்சான். அப்புறம் என் வேலை?”

“உங்க வேலைக்காக ஊரே நாக்கு வறண்டு சாகணுமா?”

“நாளைக்கே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன். புது மனு எழுதிக் குடுங்க.”

நம்பினேன். அன்றிரவே மனுவை எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை 8.30. அளவெடுக்கும் நேரம். அவருக்குப் பதிலாக நானே மழைமானி அறைக்குச் சென்றேன். வெளியே சுட்டெரிக்கும் வெயில். வாசலில் ஈரக் காலடிகள்...

உள்ளே சென்றிருந்தன. வெளியே வந்த தடமில்லை.

சொட்... சொட்...

அவர்தாம். முதுகைக் காட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

“போகலையா மாப்ளே?”

“மழை பெஞ்சுது மச்சான்.” திரும்பவில்லை. “நீங்களே பாருங்க.”

சன்னலைப் பார்த்தேன். வெயில்.

திரும்பினேன்.

நாற்காலி காலி.

பதிவேட்டில் ஈர மை: ‘மழைப் பெய்தது. 42 மி.மீ.’

அளவுக் குடுவையில்... தண்ணீர்.

நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. அவர் ஏறிய படகு 7.40 மணிக்கே கவிழ்ந்திருந்தது. கவிழ்ந்த இடம் அலுவலகத்துக்குப் போகும் வழியன்று, நேர் எதிர்த்திசை. பெட்டி படுக்கையோடு கிளம்பியிருக்கிறார். என் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. கரை ஒதுங்கிய உடலின் சட்டைப் பையில், பிரிக்கப்படாத என் மனு.

அந்த ‘ப்’பையாவது அடிக்கலாம் என்று பார்த்தேன். சிவப்பு மை கரைந்தோடியது.

மூன்று மாதங்கள் கழித்து, என் அடுத்த மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார். பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தைத் தொட்ட விரலை என்னிடம் நீட்டினார்.

“என்ன சார், ஈரமே காயலையே? நேத்துதானே பெஞ்சிருக்கு!”