ஒப்பவில்லை என்று ஒரு வரி

புராட்டஸ்டன்ட் என்றால் என்ன அர்த்தம்? பள்ளிக்கூடப் படிவங்களில் வருஷா வருஷம் அந்தச் சொல்லை எழுதினேன். யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அப்போது தெரியாது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்த பிறகு கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ஞாயிறு மதியம் மட்டும் அக்கா மகள் வீட்டில் சாப்பாடு. அவள் புருஷன்தான் சபைக் கமிட்டியின் செயலாளர். கமிட்டியின் ஒன்பது பேரில் கண்ணாடிக்காரரும் ஒருவர்; அங்கே அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு கூட்டத்தில், ஆலயம் பெருக்கும் அம்மா குடியிருந்த பின்பக்க அறையை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணலாம் என்று பேச்சு வந்தது. அந்தம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. எட்டுக் கைகள் உயர்ந்தன. கண்ணாடிக்காரர் கை மேசை மேலேயே கிடந்தது.

“என்ன மாமா, கை வலியா?” என்றார் செயலாளர்.

“எனக்கு ஒப்பலை மாப்ளே.”

“பரவாயில்ல, எட்டுப் பேர் போதும். ‘ஏகமனதாக’ன்னு எழுதிக்கிறேன்.”

“நான் இங்கதானே உக்காந்திருக்கேன்? ஒருத்தர் ஒப்பலைன்னு ஒரு வரி எழுதுங்க.”

“நாம புராட்டஸ்டன்ட்தான், எதிர்ப்புக்காரங்கதான், இல்லேங்கல. அதுக்காகச் சொந்தச் சபையிலேயே மல்லுக்கு நிக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். வரி எழுதப்படவில்லை. அடுத்த மாதம் குறிப்பேட்டை வாசித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அவரும் சம்மதித்தவர் என்றே ஆகிவிடும்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் அவர் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஆறு பேர் உட்காரும் பெஞ்சு. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், ஆள் இருப்பதுபோல. வாசலில் அக்கா மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, “இன்னிக்கு வீட்ல விருந்தாளிங்க மாமா” என்றாள். கடைக்குத் திரும்பி, தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றார். அடுத்த ஞாயிறும் விருந்தாளிகள்தான்.

மூன்றாம் வாரம் செயலாளரே கடைக்கு வரவேண்டியதாயிற்று. அவருக்குப் பொடி எழுத்து மங்கியது. பக்கத்தில் வேறு கடை கிடையாது. இருவரும் வேலைக்கு வேண்டிய அளவே பேசினார்கள்.

புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டதும், வந்தவர் கையில் எது இருக்கிறதோ அதில் ஆகப் பொடி எழுத்தை உரக்கப் படிக்கச் சொல்வது கண்ணாடிக்காரர் வழக்கம். சுவர் அட்டை எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது என்பார். செயலாளர் கையில் இருந்தது சபையின் நூற்றாண்டு மலர். அடிக்குறிப்பு ஒன்றைப் படித்தார்.

“ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்பதில் ஜெர்மன் தேசத்துப் பேரவை ஒன்றில், மனசாட்சிப்படி நடக்க முன்பு தந்திருந்த இசைவைப் பெரும்பான்மையினர் ரத்து செய்தனர். சில சிற்றரசர்களும் பதினான்கு நகரங்களும், தாங்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தனர். பேரவை அதை ஏற்க மறுத்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கே புராட்டஸ்டன்ட் என்று பெயர் வந்தது. லத்தீன் மூலச்சொல்லுக்குப் பலரறியச் சாட்சி சொல்வது என்று பொருள்.”

கடைசி வரிகளில் குரல் இறங்கிவிட்டது. திருகாணித் தட்டை மூடியபடி கண்ணாடிக்காரர் கேட்டார்:

“நல்லாத் தெரியுதா?”

“தெரியுது மாமா.” பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார். “இது எப்ப நம்ம மலர்ல வந்துச்சு?”

“நீங்க அச்சுக்குக் குடுத்ததுதானே மாப்ளே.”

அடுத்த கூட்டத்தில் வாசித்த குறிப்பேட்டில் ‘ஏகமனதாக’ என்ற சொல் அடிக்கப்பட்டிருந்தது. கீழே, ‘ஒருவர் ஒப்பவில்லை’ என்று அவர் பெயருடன் ஒரு வரி. கண்ணாடிக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறையை இடித்துவிட்டார்கள். அந்தம்மா ஒரு பெட்டியோடு எங்கோ போனார். கண்ணாடிக்காரர் பேருந்து வரை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு திரும்ப வரவில்லை. பாட்டுப் புத்தகம் இன்னும் பெஞ்சில் பக்கத்திலேயே இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அந்தப் பெஞ்சில் இன்னும் ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது.