இரண்டு விரல்களின் முதிர்வுத் தொகை

ரயில் நிலையத்துக்கு வெளியே, தகரக் கூரை போட்ட வண்டி நிறுத்துமிடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு வயது பார்க்க நேரம் ஏது? காலைப் பொழுதைப் புருஷன் பார்த்துக்கொள்வார். பதினொரு மணிக்கு மேல் கடைசி ரயில்வரை இவள்.

அந்தத் தொழிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரே எண் பொறித்த இரண்டு தகர வில்லைகள். ஒன்று வண்டியின் கைப்பிடியில் தொங்கும், இன்னொன்று வண்டிக்காரரின் பைக்குள் போகும். திரும்பி வந்து வில்லையை அவள் கையில் கொடுத்தால் வண்டி அவர் கைக்குப் போகும். முதலில் டோக்கன், பிறகு வண்டி. இருபத்திரண்டு வருஷமாக, நாளைக்கு முந்நூறு தடவை இதைச் செய்தவளுக்கு உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்கிற எண்ணம் ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணம்தான் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய தம்பி அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவன். ஒரு மத்தியானம் கத்தி இறங்கியபோது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் காகிதத்தோடு போய்விட்டன. முதலாளி எட்டு மாதம் இழுத்தடித்து இரண்டு லட்சம் கொடுத்தார். விரலுக்கு ஒரு லட்சம். கல்லூரி வாசலில் ஒரு நகல் எடுக்கும் கடை போட வேண்டும் என்பது தம்பியின் திட்டம். மூன்று விரல் இருந்தால் பொத்தானை அமுக்கப் போதும் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அக்காதான் தடுத்தாள். தினமும் அவளிடம் வண்டி விடுகிற முகவர் ஒருவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிற நிதி நிறுவனத்தைப் பற்றிப் பேசிப் பேசி அவள் காதைத் துளைத்திருந்தார். மூன்று வருஷம் போட்டால் கடையோடு சேர்த்து இரண்டாவது இயந்திரமும் வாங்கலாமாம். கை முழுசா ஆறட்டும், பணமும் வளரட்டும் என்று தம்பியைச் சம்மதிக்க வைத்தாள். தன் சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரத்தையும் தன் பெயரில் தனி ரசீதாகப் போட்டாள். முதிர்வு நாள் நெருங்க நெருங்க அந்த முகவர் வண்டியை வேறு எங்கோ நிறுத்த ஆரம்பித்தார். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாள் வந்தது. அக்காளும் தம்பியும் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கிளை மேலாளர் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். காகிதத்தைப் பார்த்தே பேசுவார். இரண்டு அசல் ரசீதுகளையும் கேட்டார். பின்பக்கம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். ரசீது தலைமை அலுவலகம் போய் ஒப்புதலாகி வர வேண்டும், ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும் என்றார். தம்பி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவின் காதருகே, “நாம குடுத்ததுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கலாமாக்கா?” என்று கேட்டான்.

“எங்கிட்ட டோக்கன் குடுக்கறவன் யாராவது அதுக்குச் சீட்டு கேக்கறானா? பேசாம இரு,” என்றாள்.

வேறு தொழில் செய்கிற யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மளிகைக்காரன் செய்திருக்க மாட்டான், தையல்காரன் செய்திருக்க மாட்டான். வாங்கிய டோக்கனுக்கு அந்த நிமிஷமே வண்டியைக் கொடுத்துப் பழகிய கைக்குத்தான் அப்படி ஒரு நம்பிக்கை வரும்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. ஒரு மாதம் ஏழு மாதமாயிற்று. தணிக்கை நடக்கிறது என்றார்கள். கணினி மாற்றுகிறோம் என்றார்கள். கையெழுத்துப் போடுகிற இயக்குநர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார்கள். அவர் திரும்பி வந்ததும், அவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். இத்தனைக்கும் அந்த அலுவலக வாசலில் ‘உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்’ என்று பலகை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பொய் சொல்லவில்லை. மூலதனத்தை முழுசாகத் தின்றுவிட்டார்கள்.

தம்பி ஒரு வாடகைக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி எழுதும் வேலைக்குப் போனான். இடது கையில் எழுதுவதால் நிதானம். நிதானம் என்பதால் பாதிச் சம்பளம். அவன் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாக, “என் ரெண்டு விரல எங்கக்கா வச்சிருக்க?” என்று கேட்டான்.

எல்லாம் தலையெழுத்து என்று பெருமூச்சு விட்டாள் தம்பி மனைவி. டோக்கன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தலையில எவனும் எழுதல. ரசீதுல மேனேஜர் எழுத வச்சான். அவன் இருக்கற எடம் எனக்குத் தெரியும்,” என்றாள். மறுநாள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவந்தாள். வருஷா வருஷம் நிறுவனம் அனுப்பிய வட்டிக் கடிதங்கள் இருந்தன. மனுவைத் தம்பியே மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். வக்கீல் வைக்கவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கவேண்டிய பணமும் அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது.

நிறுவனத்தின் பதில் வந்தபோதுதான் விஷயத்தின் முழு அயோக்கியத்தனமும் வெளியே வந்தது. பணம் போட்டது உண்மை. முதிர்ந்தது உண்மை. முழுத் தொகையும் ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது. ஆதாரம் வேண்டுமா? அசல் ரசீதுகள், பின்னால் ‘பெற்றுக்கொண்டேன்’, கீழே இருவர் கையெழுத்தும். கொடுக்காமலா ரசீது எங்கள் கைக்கு வந்தது?

விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் அவளைப் பார்த்து, அவளுடைய தொழிலையே எடுத்துக் கேட்டார். டோக்கன் அவளிடம் இருந்தால் வண்டி போய்விட்டது என்றுதானே பொருள்? ஆமாம் என்றாள். பொய் சொல்ல வரவில்லை. தீர்ப்பு சொல்லும் மேசையில் இருந்த அம்மையார், பணம் வரவில்லை என்று காட்ட ஏதாவது இருந்தால் அடுத்த மாதம் கொண்டு வரச் சொன்னார். வராத பணத்துக்கு எந்த ஊரில் ரசீது கொடுக்கிறார்கள்? கொண்டு வராவிட்டால் தம்பியின் விரல்களுக்குப் பணம் வந்துவிட்டதாக அவனே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ஆறு மணி ரயில் கூட்டம் வரிசையில் நின்றது. நூற்றுப் பதினெட்டாம் வில்லையை ஒரு கை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். கிளை மேலாளர். காலையில் வெளியூர் போகிற அவசரத்தில் வண்டியை அவள் புருஷனிடம் விட்டுப் போயிருக்கிறார். இப்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கன் அக்கா வில்லையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“ஒரு வாரம் ஆகும் சார்.”

“என்னது?”

“டோக்கன மேல அனுப்பணும். தலைமை ஆபீஸ்ல ஒப்புதல் ஆகி வந்ததும் வண்டி கெடைக்கும். நம்பர் எழுதிட்டுப் போங்க, கூப்பிடறோம்.”

அவர் அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். முதல் தடவை. “வெளையாடறியா? இப்பத்தான டோக்கன் குடுத்தேன்?”

“குடுத்தீங்க. அதனால வண்டிய எடுத்துட்டீங்கன்னு அர்த்தம். நானா சொல்லல சார், உங்க வக்கீல் சொன்னது.”

வரிசையில் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள். ரயில்வே பார்சல்காரர் ஒருவர், கணினி மாற்றுகிறார்களாம், பொறுங்கள் என்று எடுத்துக் கொடுத்தார். மேலாளர் காது வரை சிவந்து, நடந்தே காவல் நிலையம் போனார்.

அங்கே எழுத்தர், எதற்காக அந்தப் பெண் வண்டியைப் பிடித்து வைத்தாள் என்று எழுதாமல் புகாரை வாங்க முடியாது என்றிருக்கிறார். மேலாளர் தன் கைப்படவே எழுதினார். மேற்படி பெண்ணுக்கும் அவர் தம்பிக்கும் தங்கள் நிறுவனத்திலிருந்து சேர வேண்டிய முதிர்வுத் தொகை, தலைமை அலுவலகத்தின் நிதி நெருக்கடியால் இன்றுவரை வழங்கப்படாத நிலையில், அந்தப் பகையை மனத்தில் வைத்து, பொது இடத்தில் தன்னை அவமானப்படுத்தி, வண்டியைத் தர மறுக்கிறார். ஊர்ப் பணத்தைப் பற்றி எழுதும்போது வளைந்து நெளிந்து போன பேனா, சொந்த வண்டி என்றதும் உண்மையை நேராக எழுதிவிட்டது.

டோக்கன் அக்காவைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். வண்டியைக் கொடுத்தாள். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னதற்கு, என்மேல் என்ன புகார் என்று தெரியாமல் எதில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டு, புகாரின் நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே போட்டாள். ஸ்டாண்டு உரிமம் போனால் என்ன செய்வாய் என்று வீட்டில் புருஷன் குதித்தார். அவர் குதித்து முடிப்பதற்குள் தம்பி அந்த நகலை மூன்று தடவை படித்துவிட்டான்.

அடுத்த விசாரணையில் அந்த அம்மையார் அதைப் படித்தார். நிறுவனத்தின் வக்கீலிடம் நீட்டி, கையெழுத்து யாருடையது என்று கேட்டார். வக்கீல் பார்த்தார். பதினைந்து நிமிஷம் அவகாசம் கேட்டார்.

வராந்தாவில் அவர் குரல் தேனாகியிருந்தது. எதற்கு இழுத்துக்கொண்டு? வட்டியை விட்டுவிடுங்கள், போட்ட பணம் பைசா குறையாமல் வந்துவிடும். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரே ஒரு கையெழுத்து. தாள் தயாராக அவர் பையிலேயே இருந்தது. தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை அவனுக்காக முடிவெடுத்துப் பட்டது போதும், விரல் அவனுடையது.

தம்பி பேனாவை இடது கையில் வாங்கினான். “செக்கு எங்க சார்?”

“நீங்க போட்டுக் குடுங்க தம்பி. தலைமை ஆபீஸ்ல ஒப்புதல் ஆகணும். ஒரு வாரம்.”

தம்பி பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அவன் கோபப்பட்டு டோக்கன் அக்கா அதுவரை பார்த்ததில்லை. கத்தி இறங்கிய நாளில்கூட அழுதானே தவிரக் கோபப்படவில்லை.

“என் கைல இன்னும் எட்டு விரல் இருக்கு சார்,” என்றான். “அதுல ஒண்ணக்கூட உங்க ஒரு வாரத்துக்குத் தர மாட்டேன். உள்ள வாங்க, அந்தம்மா முன்னாடி பேசுவோம்.”

தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வக்கீல் கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே போய் அதையும் மேசைமேல் வைத்தான்.

முழுத் தொகை, முதிர்ந்த நாளிலிருந்து வட்டி, வழக்குச் செலவுக்கு ஐயாயிரம், எல்லாம் நாற்பத்தைந்து நாளுக்குள் என்று உத்தரவு வந்தது. நாற்பத்து நாலாம் நாள் சாயங்காலம் தொகையும் வட்டியும் இருவர் கணக்கிலும் ஏறின. தம்பி கிடங்கு வேலையை விட்டுவிட்டு, பழைய நகல் இயந்திரம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தான். தம்பி மனைவி, நல்ல காலம் பிறந்துவிட்டது என்றாள். காலம் தானாகப் பிறக்கவில்லை, இரண்டு வருஷம் கோர்ட்டுப் படி ஏறிப் பெற்றது என்றாள் டோக்கன் அக்கா.

வழக்குச் செலவு ஐயாயிரம் மட்டும் வரவில்லை. எல்லாரும் விட்டுத் தள்ளு என்றார்கள். புருஷன், ஐயாயிரத்துக்காகத் தன்னை இரண்டு வேளையும் ஸ்டாண்டில் நிற்க வைக்கப் போகிறாயா என்று முனகினார்.

“வட்டி அவங்க நம்ம பணத்த வச்சிருந்ததுக்கு. இந்த அஞ்சாயிரம் பொய் சொன்னதுக்கு,” என்றாள். “அத எப்படி விடறது?”

உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனுவைத் தம்பி எழுதினான். அவளே கொண்டுபோனாள். நீதிமன்ற அலுவலக எழுத்தர், வைத்துவிட்டுப் போங்கள், நம்பர் பிறகு போடுவோம் என்று தாளைத் தன் பக்கம் இழுத்தார். தாள் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய நகலில் தேதியோடு முத்திரை குத்தி நீட்டும்வரை, மனுவின் மறுமுனையிலிருந்து டோக்கன் அக்கா கையை எடுக்கவில்லை.