மேலிருந்து பார்த்தால் புல்தரை

என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "சாஃப்ட்வேர்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். சிறிய விமானத்தின் இன்ஜின் நடுவானில் நின்றுபோனால், கேமராவில் தெரியும் தரையைப் பார்த்து, இறங்க ஏற்ற இடத்தைச் செயற்கை நுண்ணறிவு காட்டும். அதை நம்பலாம் என்று சொல்லி, விமானத் துறையின் சான்றுக்குப் போகும் அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர்களில் நானும் ஒருத்தி. கம்பெனி பெங்களூரில், நான் சுருளிப்பட்டியில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன்.

சோதனைப் படம் ஒன்றில் பச்சைப் பசேலென்று சமதரை. "புல்தரை, இறங்கலாம்" என்றது மென்பொருள். முதல் சுற்றில் நானும் சரி என்று குறித்திருந்தேன். இரண்டாம் முறைதான், கொடி படராத ஒரு மூலையில் கல்தூண்களும் கம்பியும் கண்ணில் பட்டன. திராட்சைப் பந்தல். விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பந்தலுக்கடியில் நடந்தவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன்.

"இங்கனயா எறக்கச் சொல்லுது? கீழ பொம்பளையாளுக கொத்து வெட்டிக்கிட்டு நிப்பாகளே ஆத்தா! கம்பியோட சேந்து அமுங்கிப் போவாக. மொதல்ல ஒங்க ஆபீஸ்ல சொல்லு."

சொன்னேன். மேலதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். புதுப் படங்கள் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு நேரமில்லை. "பந்தல் பயிர் இருக்கிற பகுதியில பயன்படுத்தக் கூடாதுன்னு அறிக்கையில ஒரு வரி சேர்த்துடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

இன்ஜின் நின்றுபோன விமானி, கீழே இருப்பது பந்தலா புல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? அதற்குத்தானே இந்தச் சனியன்? கேட்டேன். வரம்புக்கு வெளியே நடப்பது நம் பொறுப்பில்லை என்றார்.

கடைசியில் அந்த வரியை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போடாவிட்டால் வேறொருவர் போடப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

சான்று வந்த அன்று அலுவலகக் குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். வெட்கமில்லாமல் நானும் ஒன்று அனுப்பினேன்.

மறுநாள் காலை, திராட்சை வெட்டுக்குக் கிளம்பிய அப்பா வாசலில் நின்று கேட்டார்.

"அந்த ஏரோப்ளேன் சமாச்சாரத்தைச் சரி பண்ணிட்டாகளா?"

"பண்ணிட்டாகப்பா."

"நல்லது. நம்மாளு ஒருத்தி அங்க இருக்கப்போயித்தான ஆச்சு" என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.